ஹேமக் கட்டும் முன்: கடலூர், புதுச்சேரி வளாகங்களுக்கும் பூங்காக்களுக்கும் ஒரு கேள்வி-பதில்

இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்கிற, பையில் மடித்து எடுத்துப் போகிற பாராசூட் துணித் தொங்குபடுக்கையான ஹேமக் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்பவை இவை. வீட்டுத் தாழ்வாரத்தில் இரும்புக் கொக்கி அடித்து மாட்டுவது பற்றி இதில் ஒன்றும் இல்லை. நமக்குச் சொந்தமில்லாத மரத்தில், நாலு பேர் நடமாடும் இடத்தில் கட்டுவது பற்றி மட்டும்தான்.

எங்கே கட்டலாம்? யாரிடம் கேட்க வேண்டும்?

கல்லூரி வளாகம் என்றால் தோட்டப் பராமரிப்பைப் பார்க்கும் பிரிவில் கேளுங்கள். விடுதி வளாகம் என்றால் காப்பாளரிடம். நகராட்சி, மாநகராட்சிப் பூங்காவில் காவலாளி தலையசைத்தது போதாது. அடுத்த ஷிப்டில் வேறு ஆள் வந்து அவிழ்க்கச் சொல்வார். பூங்கா எந்த அலுவலகத்தின் கீழ் இருக்கிறதோ அங்கே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. "கட்டாதீர்" என்று பலகை இல்லையே என்று வாதாடுவதில் பலனில்லை. "மரம் ஏறாதீர்" என்றும்தான் பல பூங்காக்களில் பலகை இல்லை.

சில இடங்களைக் கேட்காமலே தவிர்த்துவிடலாம். புதுச்சேரி தாவரவியல் பூங்கா 1826-இல் தொடங்கியது. அங்கே உள்ள மரங்கள் காட்சிக்கும் படிப்புக்கும் வளர்க்கப்படுபவை. பாரதி பூங்காவில் மாலையில் குழந்தைகள் ஓடும் ஓட்டத்துக்கு நடுவே குறுக்கே ஹேமக்கை மரத்தோடு கட்டும் பெல்ட் ஒன்று போனால் யார் கழுத்திலாவது மாட்டும். ஊசுடு ஏரிக்கரை பறவைகள் சரணாலயம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் தில்லையும் சுரபுன்னையும் சேற்றில் நிற்பவை, ஆள் பாரத்துக்கானவை அல்ல. தில்லைப் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று அங்கே படகு தள்ளுகிறவர்கள் சொல்வார்கள்.

அரசமரத்தடிப் பிள்ளையார், மஞ்சள் துணி சுற்றிய வேம்பு, பிள்ளைவரம் கேட்டுக் குட்டித் தொட்டில் கட்டிய மரம் ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். மரம் தாங்கும். ஊர் தாங்காது.

தேவனாம்பட்டினம் பக்கம் சவுக்குத் தோப்பு இருக்கிறதே, அதைவிட நல்ல இடம் உண்டா?

பார்க்க அப்படித்தான் இருக்கும். நிழல், காற்று, வரிசையாக மரம். ஆனால் கடலோரச் சவுக்கில் பெரும்பகுதி கழிக்காக நெருக்கி நட்டது, நாலைந்து வருஷத்தில் வெட்டுவதற்கு. தண்டு கைப்பிடி அளவுதான் இருக்கும். உங்கள் எடை ஏறியதும் இரண்டு மரமும் ஒன்றையொன்று பார்த்து வளையும். நிமிர்ந்த கழிக்குத்தான் விலை, வளைந்ததை வியாபாரி கழித்துவிடுவார். அதாவது நீங்கள் படுத்திருப்பது ஒரு விவசாயியின் வரவில். மீதிச் சவுக்கு, கடற்காற்றையும் அலையையும் தடுக்க வனத்துறை நட்டது. அதிலும் கை வைக்கக் கூடாது.

வயதான, பருத்த சவுக்கு தனியாக நின்றால்? மணலில் அதன் வேரைப் பாருங்கள். காற்று மணலை அரித்து வேர் வெளியே தெரிந்தால் வேண்டாம்.

எந்த மரம் தாங்கும்?

மார்பு உயரத்தில் சாண் போட்டுப் பாருங்கள். சுற்றளவு மூன்று சாணுக்குக் குறைந்தால் அடுத்த மரத்துக்குப் போங்கள். கூண்டு வைத்த கன்று, முட்டுக்கழி கொடுத்த மரம் எல்லாம் கணக்கிலேயே இல்லை.

வேம்பு, புங்கன், புளி, மா, மகிழம், நன்றாக வேர்விட்ட பூவரசு ஆகியவை நம்பலாம். புளியமரத்தில் ராத்திரி படுக்கக் கூடாது என்று பாட்டி சொல்லியிருந்தால் பகலில் படுத்துக்கொள்ளுங்கள். எப்படியும் இரவில் பூங்கா பூட்டிவிடும்.

முருங்கை கூடவே கூடாது. காற்றுக்கே ஒடியும் மரம் அது. செம்மயிற்கொன்றையும் மஞ்சள் பூ பூக்கும் பெருங்கொன்றையும் வளாகச் சாலைகளில் நிறைய இருக்கும். நிழல் அருமையாக இருக்கும், ஆனால் கிளை முறியும் சுபாவம். தூங்குமூஞ்சி மரத்தின் தண்டு யானைபோல் இருந்தாலும் காற்றில்லாத நாளில்கூட முழுக் கிளை இறங்கிவிடும். தண்டு தாங்குமா என்பது பாதிக் கேள்விதான். தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்பது மீதி.

தென்னை தாராளமாகத் தாங்கும். காயும் மட்டையும் விழும் என்பதுதான் சிக்கல். காய் பறித்து, காய்ந்த மட்டை கழித்த மரமாக இருந்தாலொழியத் தென்னைக்கடியில் படுக்காதீர்கள். பனைக்கும் இதே பேச்சு.

யூகலிப்டஸில் பட்டை தானாகவே உரிந்துகொண்டிருக்கும். பெல்ட் பட்டையோடு சேர்ந்து வழுக்கி இறங்கும். ஆல விழுதில் கட்டலாமா என்றும் கேட்கிறார்கள். தரையில் ஊன்றித் தண்டாக முற்றிய விழுது வேறு. அந்தரத்தில் தொங்குவது ஊஞ்சலாடவும் இல்லை, ஹேமக் கட்டவும் இல்லை.

மரம் நன்றாகத்தான் தெரிகிறது. உள்ளே கெட்டிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கரையில் இந்தக் கேள்விக்கு மற்ற ஊர்களைவிட அதிக மதிப்பு உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. விழுந்த மரங்களை அப்போதே வெட்டி அகற்றிவிட்டார்கள். விழாமல் தப்பியவற்றில் வேர் அசைந்தது, கிளை பிளந்தது, சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது என்று பல உண்டு. வெளியே இலை பச்சையாகவே இருக்கும்.

அடியிலிருந்து பாருங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் ஒருபக்கம் மண் வெடித்தோ மேடிட்டோ இருந்தால் வேர் தூக்கிக்கொண்டிருக்கிறது. அடித்தண்டில் தட்டுத் தட்டாகக் காளான் இருந்தால் உள்ளே மக்கிக்கொண்டிருக்கிறது. கரையான் மண் கோடு, பழைய கிளை ஒடிந்த இடத்தில் பொந்து, பட்டையில் நீளவாக்கில் பிளவு, இவற்றில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள். கை முஷ்டியால் தண்டை நாலு பக்கமும் தட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் டொக்கு என்று ஒலித்தால் பொந்துதான். பிறகு அண்ணாந்து பார்த்து, இலையில்லாத கிளை, ஒடிந்து இன்னொரு கிளையில் சிக்கி நிற்கும் கொம்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடைமழை முடிந்த கையோடு, மண் கொழகொழவென்று இருக்கும்போது எந்த மரத்திலும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் ஹேமக் அலமாரியில் இருக்கட்டும்.

கயிறு போட்டுக் கட்டினால் மரத்துக்கு என்ன ஆகிவிடும்?

இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்குவது பட்டைக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய அடுக்கு வழியாகத்தான். அதற்கடுத்து, மரம் பருக்கக் காரணமான உயிர் அடுக்கு. மெல்லிய கயிற்றில் ஆள் எடை ஏறும்போது அந்த அழுத்தம் முழுவதும் விரல்கனம் உள்ள ஒரு கோட்டில் விழுகிறது. பட்டை நசுங்குகிறது. நீங்கள் ஆட ஆட, கயிறு அரம்போல் தேய்க்கவும் செய்கிறது. சுற்றிலும் வெட்டுப்பட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் மெல்ல மெல்லப் பட்டுப்போகும். ஆறு மாதம் கழித்து அது காயும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

அதனால் அகலப் பெல்ட்தான். குறைந்தது 1 அங்குலம், 2 அங்குலம் இருந்தால் மனசுக்கு நிம்மதி. பாலியஸ்டர் பெல்ட்டாக இருக்கட்டும். நைலான் இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். கட்டும்போது இருந்த உயரம் அரைமணி நேரத்தில் இருக்காது. பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நார் நாராகப் பொடிந்துவிடும். லாரியில் சரக்கு இறுக்கும் பெல்ட் பாலியஸ்டர்தான், அகலமும் உண்டு. அதன் இரும்புக் கொக்கியும் இறுக்கியும் மரத்தில் படாமல், நெய்த பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள்.

மரத்தை இரண்டு சுற்று சுற்றிப் பிறகு மாட்டினால் அழுத்தம் பரவும், வழுக்கலும் குறையும். மிருதுவான பட்டைக்கு மடித்த பழைய புடவைத்துண்டோ சாக்கோ இடையில் கொடுங்கள். ஆணி, கொக்கி, கம்பி எதுவும் கூடாது.

எவ்வளவு உயரத்தில், எவ்வளவு சாய்வில் கட்டுவது?

மரத்திலிருந்து ஹேமக்கின் நுனிக்கு இறங்கும் பெல்ட் தரைமட்டத்துக்கு 30 பாகை சாய்ந்திருக்க வேண்டும். இந்த ஓர் எண்ணை மனசில் வைத்துக்கொண்டால் பாதி விபத்து இல்லை.

ஏனென்றால், 70 கிலோ ஆள் ஒருவர் 30 பாகையில் கட்டிய ஹேமக்கில் படுத்தால் ஒவ்வொரு பக்க பெல்ட்டிலும் விழும் இழுப்பு அதே 70 கிலோ. 20 பாகையில் அது சுமார் 100 கிலோ. 10 பாகையில் சுமார் 200. கட்டில்போல் நேராக இருக்கட்டும் என்று இறுக்கி 5 பாகைக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு பக்கமும் 400 கிலோ. ஆள் அதே ஆள்தான். இது அசையாமல் கிடக்கும் கணக்கு. தொப்பென்று உட்கார்ந்தால் அந்தக் கணம் இன்னும் ஏறும். தையல் பிரிவது, காரபைனர் (ஹேமக்கைப் பெல்ட்டில் மாட்டும் உலோகக் கொக்கி) வாய் திறப்பது, மெல்லிய மரம் வளைவது எல்லாம் பெரும்பாலும் இந்த இறுக்கத்தால்தான்.

பாகைமானி வேண்டாம். சுட்டுவிரலை மரத்தை நோக்கிப் படுக்கையாக நீட்டி, கட்டைவிரலை மேலே நிமிர்த்துங்கள். இரண்டு நுனிகளையும் இணைக்கும் கோட்டோடு பெல்ட் ஒத்துப்போனால் சரி. இல்லையென்றால் அடிக்கோல் வைத்து, படுக்கைவாக்கில் 12 அங்குலத்துக்கு 7 அங்குலம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

10 அடி நீள ஹேமக்குக்கு, படுத்தபின் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் இருக்கும்படி கட்ட ஒரு சுலபக் கணக்கு உண்டு. மரங்களுக்கு இடைவெளி 12 அடி என்றால் மரத்தில் 5 அடி உயரத்தில் கட்டுங்கள். 14 அடி என்றால் ஐந்தரை. 16 அடி என்றால் 6. அதற்கு மேல் போனால் கை எட்டாது, வேறு ஜோடி மரம் தேடுங்கள். 11 அடிக்குக் குறைந்தால் ஹேமக் மூட்டைபோல் மடங்கி முதுகை வளைத்துவிடும்.

ஒன்றரை அடி என்பது நாற்காலி உயரம். அதற்கு மேல் கட்டுவதில் படம் நன்றாக வரும், வேறு லாபமில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நாலு ஹேமக் கட்டுவதும் அந்த ரகம். மேலே இருப்பவர் விழுந்தால் கீழே இருப்பவர் மேல்தான் விழுவார்.

காரபைனர் எது வாங்குவது?

உடம்பில் சுமை அளவு பொறித்ததை. 'கேஎன்' (கிலோநியூட்டன்) என்ற அளவு 1 என்றால் ஏறத்தாழ 100 கிலோ. 12-உம் அதற்கு மேலும் இருந்தால் தாராளம். சாவிக்கொத்தில் தொங்கும் அலங்காரக் காரபைனர் பார்க்க ஒன்றுபோல இருக்கும், தாங்காது.

மின்கம்பத்தில் ஒரு பக்கம், மரத்தில் ஒரு பக்கம் கட்டலாமா? நடைபாதைத் தூண்?

மின்கம்பம், தெருவிளக்குக் கம்பம், அதன் இழுவைக் கம்பி எதிலும் கூடாது. ஈரத்தில் கசிவு இருந்தால் தொட்ட கையை எடுக்க நேரமிருக்காது.

செங்கல் தூணும் கைப்பிடிச் சுவரும் இதைவிடச் சூது. அவை மேலிருந்து கீழே வரும் பாரத்துக்காகக் கட்டியவை. ஹேமக் இழுப்பது பக்கவாட்டில். சரியான 30 பாகையிலேயே 70 கிலோ ஆளுக்குச் சுமார் 60 கிலோ பக்கவாட்டு இழுப்பு. மேலே கூரை அழுத்தாத வாசல் தூண் என்றால் சாந்து விட்டுக் கொடுத்துவிடும். விழும் திசை இழுத்த திசைதான், அதாவது உங்கள் நெஞ்சின் மேல். கால்பந்து கோல்கம்பம், பஸ் நிழற்குடை, பூங்கா ஊஞ்சல் சட்டம் ஆகியவற்றுக்கும் இதே பதில்.

கடலூர் முதுநகரில் பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கிறது. அதில் கட்டலாமா?

வலை ஏன் கழித்துப் போட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். உப்பும் வெயிலும் ஏறி நூல் முறுகியதால்தான். முடிச்சருகே இரண்டு கையால் இழுத்துப் பாருங்கள். பட்டென்று விட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். தங்கூசி (ஒற்றை இழை நைலான்) வலை புதிதாக இருந்தாலும் வேண்டாம், தோலில் கோடு கோடாக வெட்டும். தடித்த முறுக்குநூல் வலை என்றால் மேலே ஒரு போர்வை விரித்துக்கொள்ளலாம். மோதிரம், சட்டைப் பொத்தான், கொலுசு கண்ணியில் மாட்டும் என்பதால் எழும்போது நிதானம் தேவை. பொது இடத்தில் வலை ஹேமக்கைக் காவலில்லாமல் விட்டுப் போகவே கூடாது. சின்னக் குழந்தை தலையை நுழைத்துவிடும்.

முந்திரித் தோப்பில் வேலை செய்பவர்கள் கிளையில் தூளி கட்டுகிறார்களே, அது மட்டும் சரியா?

பண்ருட்டி வட்டாரத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். ஆறேழு கிலோ குழந்தை, அகலமான பருத்திப் புடவை, பருத்த கிளை, இரண்டு நுனியும் ஒரே இடத்தில், இழுப்பு நேராகக் கீழே. மரத்துக்கு அது ஒரு பாரமே இல்லை. அதைச் சுட்டிக்காட்டி 70 கிலோ ஹேமக்குக்கு நியாயம் கேட்க முடியாது. பூங்கா விதி எழுதுகிறவர்கள் தூளியையும் ஹேமக்கையும் ஒரே வரியில் தடை செய்யவும் வேண்டாம்.

ஏறுவது, படுப்பது எப்படி? எனக்கு முதுகு வலிக்கிறது.

முதலில் நடுவே கையை ஊன்றி மெல்ல எடை கொடுங்கள். பெல்ட் இறங்காவிட்டால் துணியை விரித்துப் பிடித்து நடுவில் உட்காருங்கள். அதன் பிறகே காலைத் தூக்குங்கள். ஓடிவந்து குதிப்பது எலும்பு மருத்துவருக்குத்தான் உதவும்.

முதுகு வலிப்பதற்குக் காரணம் நேராகப் படுப்பது. தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் தள்ளிக் குறுக்காகப் படுங்கள். துணி தட்டையாகி முதுகு நிமிரும். சட்டைப்பையில் சாவி இருந்தால் எடுத்துவிடுங்கள், பாராசூட் துணி கிழிவது பெரும்பாலும் அதில்தான்.

எறும்பு, கொசு, மற்றவை?

மாமரத்தில் முசுறு இருக்கிறதா என்று இலைக்கொத்துகளைப் பாருங்கள். இலைகள் ஒட்டிப் பை மாதிரி இருந்தால் அது அவற்றின் வீடு, பெல்ட் அவற்றுக்குப் பாலம். மழைக்குப் பிறகு தண்டில் கம்பளிப்பூச்சி அப்பியிருக்கும். தேன்கூடு, குளவிக்கூடு இருந்தால் அந்த மரத்தையே விட்டுவிடுங்கள். காக்கை கூடு கட்டியிருக்கும் காலத்தில் அதற்குக் கீழே படுப்பவர்களின் தலைக்குக் காக்கையே பதில் சொல்லும்.

கொசு துணிக்கு அடியிலிருந்து, துணி வழியாகவே கடிக்கும். மேலே வலை போட்டவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். டெங்கு பரப்பும் கொசு பகலில், அதிலும் காலையிலும் சாயங்காலத்திலும் கடிப்பது. முதுகுக்கு அடியில் மெல்லிய பாயோ தடித்த போர்வையோ போட்டால் தப்பலாம்.

மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்க?

நடைபாதை, மிதிவண்டிப் பாதை, ஒற்றையடிப் பாதை குறுக்கே கட்டாதீர்கள். புல்லில் தேய்ந்த தடம் தெரிந்தால் அதுவும் பாதைதான். சாயங்காலம் மங்கிய வெளிச்சத்தில் கறுப்புப் பெல்ட் தெரியவே தெரியாது. இரண்டு பக்கமும் வெள்ளைத் துணியோ பளிச்சென்ற நாடாவோ தொங்கவிடுங்கள். பார்வையற்றவர்களின் கோல் தரையைத்தான் தடவும், நெஞ்சு உயரத்தில் இருக்கும் பெல்ட்டை அது சொல்லாது. வளாகத்தில் பார்வையற்ற மாணவர்கள் வழக்கமாகப் போகும் வழியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கமே போகாமல் இருங்கள்.

எழுந்து போனால் அவிழ்த்துக்கொண்டு போங்கள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இடம் பிடித்து வைப்பது சரியல்ல. தினமும் அதே ஜோடி மரம் வேண்டாம். கால் பட்டுப் பட்டு வேர்மேல் மண் இறுகினால் தண்ணீரும் காற்றும் உள்ளே போகாது.

எங்கள் கல்லூரியில் மரமே வேண்டாம், தனிக் கம்பம் நடலாம் என்கிறார்கள். எப்படி?

நல்ல யோசனை. மாணவர் பேரவை எழுதிக் கேட்கவேண்டிய ஒன்று. 4 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், தரைக்கு மேல் 6 அடி, உள்ளே 3 அடி, சுற்றிலும் ஒன்றரை அடி அகலக் கான்கிரீட். காலாப்பட்டு மாதிரி மணல்பாங்கான இடத்தில் உள்ளே 4 அடி இறக்குங்கள். இடைவெளி 14 அடி. ஐந்தரை அடி உயரத்தில் வளையம் பற்றவைத்து, பற்றவைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும் என்பதால் அங்கே மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். மூன்று கம்பத்தை முக்கோணமாக நட்டால் மூன்று ஹேமக் கட்டலாம், ஆறு கம்பம் தேவையில்லை. கல்லூரிப் பொறியாளர் ஒருவர் கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். உப்புக்காற்றில் கம்பம் முதலில் துருப்பிடிப்பது கான்கிரீட்டும் பைப்பும் சேரும் விளிம்பில். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே சுரண்டிப் பாருங்கள்.

யாராவது விழுந்துவிட்டால்?

தலையோ முதுகோ முதலில் பட்டிருந்தால் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைக்காதீர்கள். அசைக்காமல் படுக்கவிட்டு 108-ஐ அழையுங்கள். கழுத்து வலி, கை கால் மரத்துப்போதல், வாந்தி, மயக்கம் இருந்ததா என்று கவனித்து வருபவர்களிடம் சொல்லுங்கள்.

மழைக்காலம் முழுக்க எடுத்து வைக்கப்போகிறேன். எப்படி?

கடற்கரைக்குக் கொண்டுபோனது என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். மணல் துகள் தையலுக்குள் இருந்து நூலை அறுக்கும். சோப்பு கொஞ்சம், பிளீச்சிங் வேண்டாம். நிழலில் காயவைத்து, பெல்ட்டையும் காரபைனரையும் தனிப்பையில் போடுங்கள். காரபைனர் வாயில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். தையில் வெளியே எடுக்கும்போது பெல்ட் முழுவதையும் விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். ஓரத்தில் நூல் பிசிறியோ, நிறம் வெளுத்துச் சுரசுரத்தோ இருந்தால் அதைக் கொடிக்கயிறாக வைத்துக்கொண்டு புதிது வாங்குங்கள்.